மூன்றாண்டு முன்னறிவிப்பு

டெங்கிலிலிருந்து புத்ராஜெயாவின் ஐந்தாம் பிரிசிண்டுக்குக் காரில் கால் மணி நேரம் போதும். உயர்கல்வி அமைச்சு அங்கேதான் இருக்கிறது. இன்னொரு பக்கம் திரும்பினால் சைபர்ஜெயா. நாட்டிலுள்ள ஒவ்வொரு கல்லூரிப் படிப்புக்கும் தரச்சான்று வழங்கும் எம்.கியூ.ஏ. தலைமையகமும் மல்டிமீடியா பல்கலைக்கழகமும் அங்கே இருக்கின்றன. சற்றுத் தள்ளி பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம். டெங்கிலுக்குள்ளேயே யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கல்வி வளாகம். மலேசிய உயர்கல்வியின் முக்கிய முடிவுகள் எல்லாம் இந்த ஊரைச் சுற்றியே எடுக்கப்படுகின்றன என்றால் அது மிகையில்லை.

அந்த முடிவுகள் எடுக்கப்படும் மண்ணில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. முதல் உலகப் போரில் பங்கேற்ற பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் தொடங்கிய பெராங் பெசார் தோட்டம் அது. அங்கே உருவான பி.பி. 86 போன்ற ரப்பர் ரகங்கள் உலகெங்கும் நடப்பட்டன. அந்த மரங்களைச் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1990களில் புதிய நிர்வாகத் தலைநகர் எழத் தொடங்கியபோது பெராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, கேலோவே ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. தரைவீடு கேட்டு அவர்கள் நடத்திய நெடிய போராட்டம் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நம் அக்கறை அவர்களின் பேரப்பிள்ளைகள். பதினைந்து, பதினாறு வயதில் இருக்கும் ஒரு தாமான் பெர்மாத்தா பிள்ளை பல்கலைக்கழகம் போக வேண்டுமென்றால் எந்தக் கதவை, எப்போது தட்ட வேண்டும்? அந்தக் கதவின் விதிகளை யார் எழுதுகிறார்கள்? எழுதியதை எப்போது சொல்கிறார்கள்?

மூன்றாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் உயிர்.

எஸ்.பி.எம். முடித்த மாணவருக்கு முன்னால் இரண்டு பெரிய பாதைகள் உண்டு. ஒன்று ஆறாம் படிவம். மூன்று தவணைகள், ஒன்றரை ஆண்டுப் படிப்பு, முடிவில் எஸ்.டி.பி.எம். மற்றொன்று மெட்ரிகுலேஷன். பெரும்பாலோருக்கு ஓராண்டில் முடிந்துவிடும். ஆறாம் படிவத்துக்கு யாரும் வரலாம். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2019இல் மொத்த இடங்கள் 25,000லிருந்து 40,000ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. டெங்கிலில் இருக்கும் யு.ஐ.டி.எம். அடிப்படைக் கல்வி வளாகமும் பூமிபுத்ரா மாணவர்களுக்கானதே. ஆகவே தாமான் பெர்மாத்தாவுக்கு மிக அருகில் இருக்கும் பல்கலைக்கழகக் கதவு, அங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்கு இல்லை.

இரண்டு பாதைகளும் கடைசியில் யூ.பி.யூ. என்ற ஒரே வாசலில் வந்து முட்டுகின்றன. அமைச்சின் கீழ் இயங்கும் மைய விண்ணப்ப முறை அது. மதிப்பெண்ணுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு என்று மெரிட் புள்ளி கணக்கிடப்படுகிறது. மாணவர் 12 படிப்புகள் வரை வரிசைப்படுத்தித் தரலாம். எஸ்.டி.பி.எம். நாடு முழுவதற்குமான பொதுத் தேர்வு. மெட்ரிகுலேஷன் தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் படிப்பு. இந்த இரண்டிலும் 4.0 வாங்கியவர்களை ஒரே தட்டில் வைத்து நிறுப்பது எப்படி என்ற கேள்வி 2002இல் தகுதி அடிப்படைச் சேர்க்கை வந்த நாளிலிருந்து ஓயவில்லை. ஆண்டுதோறும் சேர்க்கை முடிவு வெளியானதும் முழு மதிப்பெண் வாங்கியும் கேட்ட துறை கிடைக்காத மாணவர்களின் கதைகள் நாளிதழ்களில் வருகின்றன. மேல்முறையீடு, அரசியல்வாதியின் கடிதம், கடைசி நேர மாற்றம் என்று அது ஒரு பருவகாலமாகவே ஆகிவிட்டது.

2024 ஜூன் 30 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் ஓர் அறிவிப்பு செய்தார். எஸ்.பி.எம். தேர்வில் 10 ‘ஏ’வும் அதற்கு மேலும் பெற்ற எந்த இன மாணவருக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி. நல்ல முடிவு, மனமார வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் நாட்களைப் பாருங்கள். அந்த ஆண்டு எஸ்.பி.எம். முடிவுகள் மே 27 அன்றே வந்துவிட்டன. ஒரு மாதம் கழித்து விதி வருகிறது. பத்துப் பாடம் எடுத்தால்தானே பத்து ‘ஏ’ வாங்க முடியும்? ஒன்பது பாடம் எடுத்து ஒன்பதிலும் ‘ஏ’ வாங்கிய பிள்ளை என்ன செய்யும்? நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுத்த நாளில் இந்த விதி அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அடுத்த ஆண்டே, 2025இல், ‘ஏ மைனஸ்’ அந்தப் பத்தில் சேருமா சேராதா என்று சர்ச்சை வெடித்தது. அதுவும் தேர்வு முடிந்த பிறகு.

இதைத்தான் ஜப்பானோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1982இல் கிழக்கை நோக்கும் கொள்கை வந்ததிலிருந்து நாம் ஜப்பானிடம் தொழில்நுட்பத்தையும் வேலை ஒழுக்கத்தையும் கற்றுக்கொள்ள மாணவர்களை அனுப்பி வருகிறோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கென்றே ஆயத்தப் படிப்பு நடக்கிறது. 2011இல் கோலாலம்பூரில் மலேசிய–ஜப்பான் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. 2024 செப்டம்பரில் ட்சுகுபா பல்கலைக்கழகம் தன் கிளையை மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலேயே திறந்தது. ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்று வெளிநாட்டில் தன் சொந்தப் பட்டத்தையே வழங்கும் கிளையைத் திறப்பது அதுவே முதல் முறை. அந்த ட்சுகுபாவின் தலைவர் கியோசுகே நகாதா அப்போது இன்னொரு பொறுப்பிலும் இருந்தார். ஜப்பான் தேசியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நாம் கற்க வேண்டியது அந்தச் சங்கத்தின் நடைமுறை ஒன்றை.

போருக்குப் பிந்தைய சீர்திருத்தத்தில் 1949இல் ஜப்பான் ஏறத்தாழ எழுபது தேசியப் பல்கலைக்கழகங்களைப் புதிய முறையில் அமைத்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது கொள்கை. இன்றும் 47 மாநிலங்களில் ஒன்றுகூட விடுபடவில்லை. அடுத்த ஆண்டு, 1950 ஜூலையில், அந்தப் பல்கலைக்கழகங்களே கூடித் தங்களுக்கு ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டன. அதற்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை. உறுப்பினரை அபராதம் போட்டுப் பணியவைக்க முடியாது. பொதுக்கூட்டம், நிர்வாகக் குழு, துறைவாரியான குழுக்கள், வட்டாரக் கிளைகள் என்று கூடிப் பேசி ஒரு பொது வழிகாட்டுதலை உருவாக்குவதும், அதை வெளிப்படையாக அறிவிப்பதும், பல்கலைக்கழகங்களின் சார்பில் அரசிடம் பேசுவதும்தான் அதன் வேலை. அதிகாரமில்லாத அமைப்பு எப்படி எண்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களை ஒரே திசையில் நடத்துகிறது என்பது வியப்புக்குரியது.

சேர்க்கைத் தேர்வு நல்ல எடுத்துக்காட்டு. 1979க்கு முன் தேசியப் பல்கலைக்கழகங்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து மார்ச் மாதத்தின் தொடக்கத்தில் ஒன்றும் பிற்பகுதியில் ஒன்றுமாகத் தேர்வு நடத்தின. இரண்டாம் அணியில் இருப்பது இரண்டாம் தரம் என்ற எண்ணம் ஊர் மனத்தில் ஊறிப்போயிருந்தது. சங்கம் பல ஆண்டுகள் ஆராய்ந்து வகுத்த திட்டத்தின்படி 1979இல் எல்லோருக்கும் பொதுவான முதற்கட்டத் தேர்வு வந்தது. அதுவே பெயரும் வடிவமும் மாறி இன்று ஜனவரி நடுவில் இரண்டு நாள் நடக்கும் பொதுத் தேர்வாக நிற்கிறது. அதன் பிறகு பிப்ரவரி 25 அன்று பல்கலைக்கழகங்களின் சொந்தத் தேர்வு தொடங்கும். தோக்கியோவோ கியோத்தோவோ, எங்கோ ஒரு கடலோர மாநிலத்தின் சிறிய பல்கலைக்கழகமோ, எல்லாவற்றுக்கும் அதே நாள். அதில் தவறியவருக்கு மார்ச்சில் இன்னொரு வாய்ப்பு. இந்த நாட்காட்டி எல்லாம் சங்கத்தில் பேசி ஒத்துக்கொண்டவை.

2022 ஜனவரி 28 அன்று சங்கம் ஒரு முடிவை வெளியிட்டது. அதுவரை தேசியப் பல்கலைக்கழகம் சேர விரும்பியவர்கள் பொதுத் தேர்வில் 5 பாடப்பிரிவுகளில் 7 தாள்கள் எழுதி வந்தார்கள். இனி ‘தகவலியல்’ என்ற புதிய பாடத்தையும் சேர்த்து 6 பிரிவுகளில் 8 தாள்கள். எப்போதிலிருந்து? 2025 ஜனவரித் தேர்விலிருந்து. அந்தப் பாடம் உயர்நிலைப் பள்ளியில் கட்டாயமானது 2022 ஏப்ரலில். அந்த ஏப்ரலில் பள்ளிக்குள் காலெடுத்து வைத்த பிள்ளைகள்தான் 2025 ஜனவரியில் தேர்வு எழுதப் போகிறவர்கள். அவர்கள் உயர்நிலைப் பள்ளிச் சீருடை போடுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே, மூன்றாண்டு கழித்து என்ன கேட்கப்படும் என்பது அவர்கள் கைக்கு வந்துவிட்டது. பெரிய மாற்றம் என்றால் சுமார் இரண்டு ஆண்டுக்கு முன்பாவது அறிவிக்க வேண்டும் என்பது ஜப்பானியக் கல்வி அமைச்சின் பொது நெறி. சங்கம் அதையும் தாண்டி ஓராண்டு கூடுதல் அவகாசம் கொடுத்தது.

அப்போதும் முரண்பாடு இல்லாமல் இல்லை. எல்லாப் பள்ளியிலும் அந்தப் பாடத்துக்குத் தேர்ந்த ஆசிரியர் இல்லையே என்ற கவலை எழுந்தது. ஹொக்கைடோ, தொகுஷிமா போன்ற பல்கலைக்கழகங்கள் தாளை எழுதச் சொன்னாலும், முதல் ஆண்டில் அந்த மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பதில்லை என்று அறிவித்தன. சங்கம் ஒரு பொதுக் கோட்டைப் போட்டது. தன் வட்டாரத்துப் பள்ளிகளின் நிலையைப் பார்த்து அந்தக் கோட்டுக்குள் நெகிழ உறுப்பினருக்கு இடம் இருந்தது. அந்த நெகிழ்வும் முன்கூட்டியே எழுத்தில் வந்தது.

இந்தச் சங்கத்தைக் குறையற்ற அமைப்பாகக் காட்டுவது என் நோக்கமல்ல. 2017இல் அது எடுத்த ஒரு முடிவு பெரும் தோல்வியில் முடிந்தது. புதிய பொதுத் தேர்வில் ஆங்கிலத்தை அளக்கத் தனியார் நிறுவனங்களின் தேர்வுகளைப் பயன்படுத்த அரசு திட்டமிட்டது. தேசியப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் விண்ணப்பதாரர் அனைவரிடமும் அந்தத் தேர்வையும் கேட்கும் என்று சங்கம் அடிப்படைக் கொள்கை வகுத்தது. எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. தொஹோகு பல்கலைக்கழகம் அந்தத் தேர்வைக் கேட்கப் போவதில்லை என்றது. தோக்கியோ பல்கலைக்கழகம் பள்ளியின் சான்று போதும் என்று வழிவிட்டது. காரணம் எளியது. சில தேர்வுகளின் கட்டணம் 20,000 யென்னைத் தாண்டியது. தேர்வு மையங்கள் பெரிய நகரங்களில்தான் இருந்தன. தீவில், மலையோரத்தில் இருக்கும் பிள்ளை விமானம் ஏறி, விடுதி எடுத்துத் தேர்வு எழுத வேண்டும். 2019 அக்டோபரில் கல்வி அமைச்சர் கோயிச்சி ஹகியுடா, அவரவர் வசதிக்கு ஏற்றபடி போட்டியிடட்டும் என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசிவிட்டார். நாடே கொதித்தது. உயர்நிலைப் பள்ளி முதல்வர்களின் சங்கம் அதற்கு முன்பே தள்ளிவைக்கக் கேட்டிருந்தது. மாணவர்களும் தெருவில் நின்றார்கள். நவம்பர் 1 அன்று அமைச்சரே திட்டத்தை நிறுத்திவைத்தார்.

இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குத் தோட்டத்துப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். விதி எழுதுகிறவருக்கு வசதி எளிது, தூரம் எளிது. அந்த விதியால் பாதிக்கப்படுகிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை யாராவது எழுந்து சொல்ல வேண்டும். ஜப்பானில் அதைச் சொல்ல உறுப்பினர் பல்கலைக்கழகங்களுக்கே துணிவு இருந்தது. முன்கூட்டியே அறிவித்ததால்தான் எதிர்க்கவும் நேரம் கிடைத்தது. தேர்வு முடிந்த பிறகு வரும் விதியை எதிர்த்து என்ன பயன்?

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 ஏப்ரலில் ஜப்பானியத் தேசியப் பல்கலைக்கழகங்கள் அரசுத் துறைகளாக இருந்த நிலை மாறித் தனித்தனிச் சட்ட அமைப்புகளாயின. தன்னாட்சி என்றார்கள். கூடவே மானியம் தேய்ந்தது. 2004இல் சுமார் 1.24 டிரில்லியன் யென் இருந்த நடப்புச் செலவு மானியம் 2024இல் சுமார் 1.08 டிரில்லியனுக்கு இறங்கியது. விலைவாசியும் யென்னின் வீழ்ச்சியும் சேர்ந்து அழுத்தவே, 2024 ஜூனில் நகாதாவின் தலைமையில் சங்கம் செய்தியாளர்களைக் கூட்டி, இனியும் தாங்க முடியாது என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. அரசுப் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள், அந்த அரசைப் பார்த்து, மக்கள் முன்னிலையில் சொன்னது இது. அதனால் கருவூலம் உடனே திறந்துவிடவில்லை. தோக்கியோ பல்கலைக்கழகம் மாணவர் எதிர்ப்பையும் மீறி 2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணத்தை 5,35,800 யென்னிலிருந்து 6,42,960ஆக உயர்த்தியது. ஆனாலும் கணக்கு பொதுவெளிக்கு வந்தது. எங்கே வலிக்கிறது என்று ஜப்பானியப் பெற்றோர் தெரிந்துகொண்டார்கள்.

நம் நாட்டில் 20 பொதுப் பல்கலைக்கழகங்கள் உண்டு. அவற்றின் துணைவேந்தர்களும் ரெக்டர்களும் கூடும் குழுவும் உண்டு. ஆகவே ஒருங்கிணைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971இன்படி துணைவேந்தரை நியமிப்பவர் அமைச்சர். ஜப்பானிலும் நியமனக் கையெழுத்து அமைச்சருடையதுதான். ஆனால் பல்கலைக்கழகத்தின் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் சம எண்ணிக்கையில் அமர்ந்த தேர்வுக் குழு ஒருவரைத் தேர்ந்து அனுப்ப, அவரை அமைச்சர் நியமிக்கிறார். யாரால் பதவிக்கு வந்தோம் என்பது யாருக்காகப் பேசுகிறோம் என்பதில் எதிரொலிக்காமல் போகாது. 2016 வரவு செலவுத் திட்டத்தில் நம் பொதுப் பல்கலைக்கழகங்களின் ஒதுக்கீடு கடுமையாக வெட்டப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கால் பங்குக்கு மேல். அந்த வெட்டு ஒரு டெங்கில் மாணவரின் வகுப்பறையில் என்ன மாற்றத்தைக் கொண்டுவரும் என்று அவர் பெற்றோருக்குப் புரியும்படி விளக்கும் பொதுக்குரல் ஒன்று நமக்குத் தேவைப்பட்டது. இன்றும் தேவைப்படுகிறது.

உயர்கல்வி அமைச்சின் வரலாறும் நிலையாக இல்லை. 2004இல் தனி அமைச்சாகப் பிறந்தது. 2013இல் கல்வி அமைச்சோடு கலந்தது. 2015இல் பிரிந்தது. 2018இல் மறுபடி கலந்தது. 2020இல் மீண்டும் பிரிந்தது. பிரிந்த பிறகு மெட்ரிகுலேஷனும் ஆறாம் படிவமும் கல்வி அமைச்சிடம், யூ.பி.யூ. உயர்கல்வி அமைச்சிடம். பாதை ஒருவர் கையில், வாசல் இன்னொருவர் கையில். அமைச்சுகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும் நாட்டில், ஆட்சிகள் வந்து போனாலும் நிலைத்து நின்று விதிகளை நினைவில் வைத்திருக்கப் பல்கலைக்கழகங்களே கூடிய ஓர் அமைப்புக்கு ஜப்பானைவிட நம்மிடம் தேவை அதிகம்.

நம் சமூகம் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. கிழக்கை நோக்கும் கொள்கை பிறந்த அதே 1982இல்தான் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். தோட்டப்புறப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதையே வேள்வியாகச் செய்தவர் அவர். 1979இல் தொடங்கிய இ.டபிள்யூ.ஆர்.எஃப். அறக்கட்டளையும் அப்படித்தான். விடுமுறை நாள்களில் கோவில் மண்டபங்களிலும் பள்ளிகளிலும் எஸ்.பி.எம். மாணவர்களை உட்கார வைத்து, எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று விளக்கும் தொண்டர்கள் எத்தனையோ பேர். அவர்கள் உழைப்பின் பெரும்பகுதி எங்கே போகிறது தெரியுமா? இந்த ஆண்டு விதி என்ன என்று கண்டுபிடிப்பதில். 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவிப்பு வந்தது. அதற்குப் பின் எண்ணிக்கை ஏறியதும், வாக்குறுதியானதும், மறுபடி கேள்விக்குள்ளானதும் நாம் அறிந்ததே. எத்தனை இடம் என்பதே ஆண்டுதோறும் தலைப்புச் செய்தியாகிற நாட்டில் ஒரு பிள்ளை எதை நம்பித் திட்டமிடும்?

பணமும் படிப்பும் உள்ள வீட்டில் விதி மாறினால் சமாளித்துவிடுவார்கள். தனியார் கல்லூரியில் ஏ லெவல், இல்லையென்றால் வெளிநாடு. பெற்றோரில் ஒருவர் ஆலையிலும் இன்னொருவர் துப்புரவுப் பணியிலும் இருக்கும் வீட்டில் அந்த மாற்று வழி இல்லை. அங்கே ஒரு முடிவு தவறினால் அந்தப் பிள்ளையின் இரண்டு ஆண்டு போய்விடும். சில நேரம் படிப்பே போய்விடும். ஆகவே தாமதமான அறிவிப்பு எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. அது ஏழைப் பிள்ளையைத் தேடிப் போய்த் தாக்குகிறது. இட ஒதுக்கீடு பற்றிய விவாதம் நீண்டது, கசப்பானது, நாளைக்கே தீரப்போவதில்லை. முன்னறிவிப்புக்கு அந்தத் தடை இல்லை. அரசியலமைப்பைத் திருத்த வேண்டாம், ஒரு சென் கூடுதல் செலவு வேண்டாம், எந்த இனத்தின் பங்கையும் தொட வேண்டாம். மலாய்ப் பிள்ளைக்கும் சீனப் பிள்ளைக்கும் ஒராங் அஸ்லி பிள்ளைக்கும் அதே நன்மை கிடைக்கும்.

எனவே உயர்கல்வி அமைச்சர் ஸம்ரி அப்துல் காடிரிடமும், அவரைவிடக் கூடுதலாகத் துணைவேந்தர்கள் குழுவிடமும் கேட்க வேண்டியது இது. ஒரு மாணவர் நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும் ஜனவரியில், அல்லது அந்த ஆண்டு பள்ளி எந்த மாதம் தொடங்குகிறதோ அந்த மாதத்தில், அவர் பல்கலைக்கழகம் சேரும் ஆண்டுக்கான விதிகள் எழுத்தில் வந்துவிட வேண்டும். மெரிட் புள்ளி எப்படிக் கணக்கிடப்படும், எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மதிப்பெண்கள் எப்படி ஒப்பிடப்படும், ‘ஏ மைனஸ்’ எங்கே எண்ணப்படும், எந்தப் படிப்புக்கு நேர்முகம் உண்டு, ஒவ்வொரு படிப்பிலும் எத்தனை இடம், சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி என்ன. நடுவில் மாற்றம் தேவை என்றால் அது அடுத்த நான்காம் படிவத்தாருக்குப் பொருந்தட்டும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவருக்கு வேண்டாம். சலுகை கூட்டுவதாக இருந்தால் மட்டும் உடனே கூட்டலாம். இவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும், தமிழிலும் சீனத்திலும் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும். துணைவேந்தர்கள் குழு தன் கூட்ட முடிவுகளைத் தன் பெயரிலேயே வெளியிடட்டும். அமைச்சின் அறிக்கைக்குள் கரைந்த ஒரு வரியாக அது வர வேண்டியதில்லை.

இதைக் கேட்க வேண்டிய இடம் தாமான் பெர்மாத்தாவுக்குத் தூரமில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் முன்னாள் தோட்ட மக்களின் குழுக்களும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதி, மக்களவை உறுப்பினர் மூலமாகவும் நேரடியாகவும் கொடுக்கலாம். வீட்டுக்காக மனு எழுதிப் பழகிய கைகள் அவை. இப்போது மூன்றாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகள் நான்காம் படிவப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதற்குள் அந்த மனு அமைச்சில் பதிவாகிவிட வேண்டும்.